ராபர்ட் பாயில் திறந்தார், லவாய்சியர் திறக்கவில்லை

அவையோர்க்கு வணக்கம்.

நிறை மாறா விதி என்றதும், வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றுதான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வரி இருக்கட்டும். அந்த விதி நூறு வருடம் எங்கே தடைப்பட்டு நின்றது என்று பார்ப்போம்.

வெள்ளீயம் தெரியும்தானே, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த உலோகம். விஞ்ஞானி ராபர்ட் பாயில் அதைக் கண்ணாடி வாலையில், அதாவது நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் போட்டு, வாயை உருக்கி மூடி, நெடுநேரம் சூடாக்கினார். உலோகத்தின் மேல் சாம்பல் போலப் பொடி படிந்தது. ஆறவிட்டு வாலையின் வாயை உடைத்தார். உஸ்ஸென்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அதற்குப் பிறகு எடை போட்டார், கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியைத் துளைத்து வந்து உலோகத்தில் சேர்ந்துவிட்டன என்று 1673-இல் எழுதினார். விடை அந்த உஸ்ஸில் இருந்தது. காதில் விழுந்தது, கணக்கில் ஏறவில்லை. பாயில் லேசுப்பட்ட ஆளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1756-இல் ரஷ்யாவில் லொமனோசவ் என்ற விஞ்ஞானி மூடிய கலத்தில் இதைச் செய்து, திறக்காமலே எடை பார்த்தார், மாற்றமில்லை. அந்தச் சேதி ஐரோப்பாவில் பரவவில்லை.

1774-இல் பாரிசில் வேதியியலர் லவாய்சியர். அதே வெள்ளீயம், அதே மூடிய வாலை. சூடாக்கும் முன் ஓர் எடை, சூடாக்கி ஆறியபின் திறக்காமலே ஓர் எடை: இரண்டும் ஒன்று. அப்புறம்தான் திறந்தார். காற்று பாய்ந்தது, எடை ஏறியது. நெருப்பு எதையும் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை உலோகம் பிடித்துக்கொண்டது, அந்தக் காலி இடத்துக்குத்தான் வெளிக்காற்று வந்தது. மனிதர் அரசுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் பங்குதாரர். வரவு செலவு பார்த்துப் பழகிய கண். (அந்த உத்தியோகமே 1794-இல் அவர் தலையை வாங்கியது, அது வேறு கதை.)

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கம் நம்மையும் விட்டபாடில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. அது முழுதாக எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்றால், "அதெப்படி சார், போட்டதைவிட மூன்று மடங்கு?" என்று சண்டைக்கு வருகிறார்கள். எஞ்சின் காற்றிலிருந்து 2.6 கிலோ அளவுக்கு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பங்க்கில் அதற்குப் பில் போடுவதில்லை, அவ்வளவுதான். கூடவே ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவியும் புகைக்குழாய் வழியே போகிறது. வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.