‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு குழந்தை சொல்லும்போது

அவையில் கூடியிருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

நான்கு பொம்மைகளிலிருந்து தொடங்குகிறேன். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர், மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் முன் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். அச்சு அசலாக ஒரே பொம்மைதான். நிறமும் தலைமுடியும் மட்டுமே வேறு. இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. ‘நீ விளையாட விரும்பும் பொம்மையைக் கொடு’, ‘நல்ல பொம்மையைக் கொடு’, ‘பார்க்க மோசமாக இருக்கும் பொம்மையைக் கொடு’ என்று வரிசையாகக் கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையை எடுத்துக் கொடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பழுப்புப் பொம்மையை மோசமானது என்று காட்டினார்கள். கடைசியாக ஒரு கேள்வி: ‘உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.’ சற்று முன் தானே மோசம் என்று ஒதுக்கிய பொம்மையை, இப்போது தன்னுடையதாக எடுத்து நீட்ட வேண்டும். அந்த இடத்தில் சில குழந்தைகள் அழுதார்கள். அறையை விட்டு ஓடியவர்களும் உண்டு.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கென்னத் கிளார்க் பின்னர் எழுதிய ஓர் அறிக்கையை, அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே 17 அன்று வழங்கிய பிரவுன் வழக்குத் தீர்ப்பு தன் அடிக்குறிப்பில் சுட்டியது. இனத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரித்து வைப்பது குழந்தைகளின் மனத்தில் எளிதில் மாற்ற முடியாத தாழ்வுணர்வை விதைக்கிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது வேறொரு செய்தி. அந்த 253 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் தென்மாநிலத்தின் பிரிக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் வடமாநிலத்தில் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். வெள்ளைப் பொம்மையை அதிகம் விரும்பியவர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தினர். பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் குழந்தைகளிடம் யாரும் பொம்மைப் பாடம் நடத்தவில்லை. நல்லது எது, மோசமானது எது என்பதை அவர்கள் காற்றிலிருந்து சுவாசிப்பதுபோல எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்பைத்தான் ‘ஸ்டீரியோடைப்’ என்கிறோம். அது முதலில் அச்சுக்கூடத்துச் சொல். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோப்பதற்குப் பதிலாக, முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து, அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான படிகளை அடிக்கும் முறைக்கு அந்தப் பெயர். 1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்தச் சொல்லை நம் மனத்துக்குள் இருக்கும் வார்ப்புகளைக் குறிக்கப் பயன்படுத்தினார். தமிழில் நாம் பேச்சுவழக்கில் ‘முத்திரை குத்துவது’ என்கிறோம். இன்றைக்கு அந்தச் சொல்லே போதும். முத்திரை என்றதும் வசைச்சொல்லும் கேலியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கொடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வசை வெளியிலிருந்து வருவது; பட்டவனுக்கு அது வசை என்று தெரியும், திருப்பிக் கேட்கவும் முடியும். இளையோரிடம் முத்திரை செய்யும் ஆழமான வேலை அது அன்று. அது அவர்களுடைய சொந்த விருப்பமாக, சொந்தத் தீர்மானமாக உருமாறி அவர்கள் வாயிலிருந்தே வெளிவருவதுதான். இன்று நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

2017இல் லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம், மிக மிக அறிவாளியான ஒருவரைப் பற்றி ஒரு சிறு கதை சொன்னார்கள். அவர் ஆணா பெண்ணா என்ற குறிப்பு கதையில் இல்லை. பிறகு சில ஆண்களின், பெண்களின் படங்களைக் காட்டி, ‘அவர் இவர்களில் யார்?’ என்று கேட்டார்கள். ஐந்து வயதுப் பெண்குழந்தைகள் பெண்ணையும் ஆண்குழந்தைகள் ஆணையும் ஏறத்தாழ ஒரே அளவில் சுட்டினார்கள். ஆறு வயதில் நிலை மாறிவிட்டது. பெண்குழந்தைகள் பெண்ணைச் சுட்டுவது குறைந்துபோனது. அடுத்து இரண்டு விளையாட்டுகளை அறிமுகப்படுத்தினார்கள். ஒன்று ‘மிகவும் அறிவாளியான குழந்தைகளுக்கானது’, மற்றது ‘மிகவும் முயற்சி செய்யும் குழந்தைகளுக்கானது’. இரண்டாவதில் வேறுபாடு இல்லை. முதலாவதில் ஆறு, ஏழு வயதுச் சிறுமிகளின் ஆர்வம் சிறுவர்களுடையதைவிடக் குறைந்தது. இத்தனைக்கும், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டபோது, அதே சிறுமிகள் பெண்பிள்ளைகளையே சொன்னார்கள். ஆகவே, மதிப்பெண் இருந்தும் ‘அறிவாளி’ என்ற சொல் தமக்குரியதன்று என்று அவர்கள் கருதத் தொடங்கியிருந்தார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், பல் விழுந்து முளைக்கும் அந்தக் காலத்துக்குள், இது நடந்து முடிந்துவிடுகிறது.

பேசத் தெரிவதற்கு முன்பே இதற்கான தளம் போடப்படுகிறது என்றும் நமக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், சரிவை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகையைக் காட்டி, தங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஆண்குழந்தையின் தாய்மார்கள் கூடுதலாகவும், பெண்குழந்தையின் தாய்மார்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். குழந்தைகளை இறக்கிப் பார்த்தபோது ஆண், பெண் வேறுபாடே இல்லை. அந்தத் தாய்மார்களில் ஒருவர்கூடத் தம் மகளைத் தாழ்த்த நினைத்திருக்க மாட்டார். அன்போடுதான் கணக்கிட்டார்கள், கணக்குத்தான் தப்பாக இருந்தது.

நான் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறவன். என் வகுப்பில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மின்சுற்றுச் செய்முறை வகுப்பில், மேசைக்கு இரண்டு மாணவர், இரண்டு மாணவியர் என்று நான்கு பேராக அமர வைப்பேன். கலந்து உட்கார வைத்ததாலேயே சமமாக நடத்திவிட்டேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. ஒரு நாள் ஏதோ காரணத்தால் பின்சுவரில் சாய்ந்து நின்றபடி வகுப்பு முழுவதையும் ஒருசேரப் பார்த்தேன். ஏழு மேசைகள். ஆறு மேசைகளில் ஒயரும் மின்கலமும் மாணவர் கையில். பேனாவும் ரெக்கார்ட் நோட்டும் மாணவியர் கையில். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியிடம், “நீ ஏன் இணைத்துப் பார்க்கவில்லை?” என்று கேட்டேன். “எனக்கு அது பிடிக்கல சார். எழுதறதுதான் பிடிக்கும்” என்றாள். தயக்கமில்லாத, உண்மையான பதில். அதைக் கேட்டு நான் நகர்ந்தும் விட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான், ஆண்டுத் தொடக்கத்தில் அதே மேசைக்கு அருகில் நின்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது: “உன் கையெழுத்து அழகா இருக்கு, நீயே எழுதும்மா. தம்பி, நீ அந்த ஒயரைப் பிடி.” பாராட்டாகத்தான் சொன்னேன். அந்தப் பாராட்டு ஆறு மாதத்தில் அவளுடைய விருப்பமாக ஆகியிருந்தது. ஒயரைத் தொட்டே பார்க்காத ஒருத்திக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரியும்?

‘அவளுக்கே விருப்பமில்லையே, நாம் என்ன செய்ய முடியும்’ என்று பெற்றோர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். குழந்தையின் விருப்பத்தை மதிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த விருப்பம் எதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வந்தது என்ற கேள்வியைக் கேட்காமல் மதிப்பது, நாமே எழுதிக் கொடுத்த பதிலை அவள் படித்துக் காட்டும்போது ஏற்றுக்கொள்வதாகத்தான் முடியும்.

இனமும் பாலினமும் ஒரே உடலில் சேரும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கில்லியமும் உடன்பணியாளர்களும், முன்பருவப் பள்ளி ஆசிரியர்களிடம் நான்கு குழந்தைகள் விளையாடும் காணொளியைக் காட்டினார்கள். ஒரு கறுப்பினச் சிறுவன், ஒரு கறுப்பினச் சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், ஒரு வெள்ளைச் சிறுமி. குறும்பு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள் என்பது கட்டளை. உண்மையில் அந்தக் காணொளியில் குறும்பே இல்லை. ஆசிரியர்களின் கண் எங்கே நிலைக்கிறது என்பதைக் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. அது அந்தக் கறுப்பினச் சிறுவன்மேல்தான் அதிகம் நின்றது. ஆசிரியர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முத்திரை அதைச் சுமப்பவரின் கண்ணிலும் குடியேறிவிடுகிறது. தேடும் கண்ணுக்கு ஏதாவது அகப்படத்தான் செய்யும். 2011–12 கல்வியாண்டில் அமெரிக்க முன்பருவப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம். ஒரு முறைக்கு மேல் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவர்களில் அவர்கள் 48 சதவீதம். நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றிய கணக்கு இது.

அந்தச் சிறுவனே வளர்ந்து பதின்ம வயதை எட்டும்போது, அவனைக் குழந்தையாகப் பார்ப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். 2014இல் ஃபிலிப் கோஃப் தலைமையிலான ஓர் ஆய்வில், குற்றச் சந்தேகத்துக்கு உள்ளானவர்களாகக் காட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களின் வயதைப் பங்கேற்றவர்கள் சராசரியாக நாலரை ஆண்டு கூட்டி மதிப்பிட்டார்கள். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஏறக்குறைய பதினெட்டு வயது இளைஞனாகத் தெரிகிறான். பதின்மூன்று வயதுக்குரிய மன்னிப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. இப்படிப் பார்க்கப்படும் பையன் கடையில் கையைச் சட்டைப்பைக்குள் விடக்கூடாது, வேகமாக ஓடக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது என்று கற்றுக்கொள்கிறான். மற்றப் பிள்ளைகள் கணக்குக்கும் விளையாட்டுக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியை அவன் தன்னைக் காத்துக்கொள்ளவே செலவழிக்கிறான்.

நல்ல முத்திரைகளும் உண்டே என்று சிலர் கேட்பார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் கணிதத்தில் புலிகள் என்று மேலைநாடுகளில் சொல்லப்படுவது பெருமை அல்லவா? அந்தப் பெயரைச் சுமக்கும் வகுப்பில், கணக்கு வராத ஓர் ஆசியச் சிறுவன் உதவி கேட்கக் கை உயர்த்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்பிள்ளைக்கு அளிக்கப்படும் ‘தைரியசாலி’ என்ற பட்டமும் அத்தகையதே. 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி நடத்திய ஆய்வில், பெட்டியிலிருந்து திடீரெனத் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு கலங்கும் ஒரே குழந்தையின் படச்சுருளைப் பலருக்குக் காட்டினார்கள். ஆண்குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதைக் கோபம் என்றார்கள். பெண்குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அச்சம் என்றார்கள். பயந்து அழும் ஆண்குழந்தையை நாம் கோபக்காரன் என்று எடுத்துக்கொண்டால், பயந்தவனுக்குத் தர வேண்டிய அணைப்பு அவனுக்குக் கிடைக்காது. பிற்பாடு அவனும் தன் பயத்தைக் கோபமாகக் காட்டவே பழகுவான். உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்போரில் ஆண்களே அதிகம் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. உதவி கேட்பது ஆண்மைக்கு இழுக்கு என்ற பாடத்தை அந்தக் காரணங்களிலிருந்து விலக்கிவிட என்னால் முடியவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும், தேர்வுக்கு முன் அது திறமையை அளப்பது என்று சொன்னாலே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைகிறது என்று காட்டினார்கள். மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வு அது. இதே கருத்தைப் பெண்களுக்கும் கணிதத்துக்கும் பொருத்திப் பல ஆய்வுகள் வந்தன. ஆனால் 2018இல் நெதர்லாந்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பள்ளி மாணவர்களை வைத்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் அத்தகைய விளைவு தென்படவில்லை. ஆகவே தேர்வறையில் ஒரு வாக்கியம் மதிப்பெண்ணைச் சாய்த்துவிடும் என்று அடித்துச் சொல்ல நான் முன்வரமாட்டேன். என் கவலை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது அன்று. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளைப் பற்றியது. அந்தத் தேர்வறைக்கே வராமல் போனவர்களை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

மாற்றம் வருமா என்றால், கண்ணெதிரே வந்திருக்கிறது. 1966க்கும் 1977க்கும் இடையில் 4,807 குழந்தைகளிடம் ‘ஒரு விஞ்ஞானியை வரை’ என்று சொன்னபோது, பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். அமெரிக்காவில் ஐந்து பத்தாண்டுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, 1980களுக்குப் பிந்தைய குழந்தைகளில் நூற்றுக்கு 28 பேர் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தார்கள். கண்ணில் படுவது மாறியது, கை வரைவதும் மாறியது. மேற்கு வங்கத்தில் இன்னும் உறுதியான சான்று கிடைத்தது. ஊராட்சித் தலைமை இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, எந்த ஊருக்கு அந்த ஒதுக்கீடு என்பது குலுக்கல்போலத் தற்செயலாகவே முடிவானது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடர்ந்து இரு தேர்தல் காலம் பெண் தலைவர் இருந்த ஊர்களில், பதின்ம வயது ஆண், பெண் பிள்ளைகளின் எதிர்காலக் கனவுகளுக்கு இடையிலிருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது. இரண்டு முறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை வந்தவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். மறுமுறையும் ஒரு பெண் வந்து அமர்ந்தால் அப்படி ஒதுக்குவது எளிதன்று.

என் வகுப்பில் நான் செய்தது மிகச் சிறியது. வாரம் ஒருமுறை வேலையை மாற்றினேன். எழுதியவர் இணைக்க வேண்டும், இணைத்தவர் எழுத வேண்டும், விருப்பம் கேட்கவில்லை. முதல் வாரம் அந்த மாணவி கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். அம்மீட்டரைத் தலைகீழாக இணைத்து முள் பின்னோக்கி ஓடியபோது என்னைத்தான் பார்த்தாள், திட்டுவேனோ என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, கழற்றி மாற்றினாள். நான்காவது வாரம், “இந்தக் கம்பி சூடாகிறதே சார், எவ்வளவு மின்னோட்டம் போனால் உருகும்?” என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. கம்பியின் தடிமனை அளந்து இருவரும் கணக்குப் போட்டோம். அதே மேசையில், அதுவரை ஒயரை விட்டதே இல்லாத ஒரு மாணவன், வாரம் முடிந்தும் ரெக்கார்ட் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். படம் வரைவது நன்றாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் நானே எழுதட்டுமா என்று யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டான்.