மெத்தையில் பொங்கிய மாவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் சாப்பாடு, ஊர்சுற்றல், ஊர் நினைப்பு, இந்த மூன்றையும் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். தாளைப் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பார்ப்போம்.

நான் மதுரை சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் டோர்ட்முண்ட் என்ற ஊரில், பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. 1999 அக்டோபரில் போனோம், 2005 வரை இருந்தோம். நிலக்கரி, இரும்பு, பீர் என்று வளர்ந்த ஊர் அது. பெரிய ஊர்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பசிக்கிறது. என்ன செய்வீர்கள்? மதுரைக்காரர்களிடம் போய் இதைக் கேட்கிறேனே! செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனால் ஒரு கல் சூடாக இருக்கும். இட்லி இருக்கும், இல்லாவிட்டால் பரோட்டா, அதுவும் தீர்ந்துபோயிருந்தால் ஒரு கலக்கியாவது ஊற்றித் தருவார்கள். என் அப்பா இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வரும்போது இட்லிப் பொட்டலம் வாங்கி வருவார். இலைக்குள்ளே சட்னியெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எது தேங்காய் எது தக்காளி என்று தெரியாது. தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி ஊட்டிவிடுவார். காலையில் கேட்டால் சாப்பிட்ட ஞாபகமே இருக்காது, விரலில் மட்டும் வாசம் இருக்கும். தூங்கா நகரம், தூங்கா நகரம் என்கிறோமே, அது இதுதான். இதை நான் டோர்ட்முண்ட் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் போய் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. பயண அசதியில் தூங்கி மறுநாள் எழுந்தபோது சாயங்காலம் நாலரை. சரி, அரிசி பருப்பு வாங்கி வரலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தெருவில் ஆளே இல்லை. ஒரு கடை பூட்டியிருக்கிறது. அடுத்ததும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. யாரோ பெரிய தலைவர் தவறிவிட்டார் போல, அதுதான் கடையடைப்பு என்று நினைத்துவிட்டேன். நம் ஊரில் வேறு எதற்கு இப்படிச் சாத்துவார்கள்? விசாரித்தால், அது அந்த நாட்டுச் சட்டமாம். அந்த வருடங்களில் சனிக்கிழமை 4 மணிக்குக் கடையை மூடிவிட வேண்டும். ஞாயிறு திறக்கவே கூடாது. 2003-இல்தான் சனிக்கிழமையை இரவு 8 மணி வரை நீட்டினார்கள். ஞாயிறு இன்றைக்கும் பூட்டுதான். ரயில்வே ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு. அங்கே போய், கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒரு ரொட்டியும் ஒரு ஜாம் பாட்டிலும் வாங்கி இரண்டு நாள் ஓட்டினோம். அந்த ரொட்டி பின்னால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அது வேறு கதை.

எல்லோரும் கேட்பார்கள், ஜிகர்தண்டாவை நினைத்து ஏங்கினீர்களா, கறிதோசையை நினைத்து ஏங்கினீர்களா என்று. உண்மையைச் சொல்கிறேன், ஏங்கவில்லை. ஊரில் இருந்தபோதே அவற்றை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சாப்பிட்டிருப்பேன், அதுவும் விருந்தாளி வந்தால். எனக்கு ஏக்கமெல்லாம் அந்தப் பதினோரு மணியின் மேல்தான். எங்கேயோ ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, யாரோ கல்லில் கொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்ற அந்தச் சத்தம். அது கேட்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாமான் வாங்குவதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடைய கடை. அந்த வட்டாரத்தில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். முதல் நாள் போய், "அண்ணே, பூண்டு இருக்கா?" என்றேன். அவர் விழித்தார். நானே போய் எடுத்துக் காட்டினேன். "உள்ளியோ? அதைச் சொல்லுங்கோவன் பிள்ளை" என்றார். ஜெர்மன்காரரிடம் திணறியதுகூடப் பரவாயில்லை, தமிழரிடமே திணறினேன்! நிலக்கடலை அவர்களுக்குக் கச்சான். பெரிய வெங்காயம் பம்பாய் வெங்காயம். ஆனால் ஒரு வார்த்தையில் ஜெயித்தேன். "சீனி வேணும் அண்ணே" என்றேன். "இந்தியாக்காரர் சர்க்கரை எண்டெல்லோ சொல்லுவினம்?" என்று கேட்டார். "நாங்க மதுரை, எங்களுக்குச் சீனிதான்" என்றேன். அன்றிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை இலவசம்.

சரி, மாவுக்கு வருகிறேன். இந்த மாவைப் பற்றிப் பேசத்தான் நான் வந்ததே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் இட்லி அரிசி கிடைத்தது, உளுந்தும் கிடைத்தது. நாலுக்கு ஒன்று ஊறவைத்து, மதுரையிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுபோன மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கதவு தட்டும் சத்தம். திறந்தால் கீழ்வீட்டுப் பாட்டி. எழுபத்தெட்டு வயது, முடியை அழகாகச் சுருட்டி விட்டிருப்பார். விரலை நீட்டி, "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அங்கே ஞாயிறு என்றால் சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டும் மிஷினை ஓட்டக் கூடாது. என் மிக்ஸியோ விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போடும். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு எட்டி அடுக்களையை நோட்டம் விட்டார். "என்ன அரைக்கிறாய்?" என்றார். சண்டைக்கு வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அரைத்தாயிற்று. பொங்க வேண்டுமே? மாவு பொங்க கிட்டத்தட்ட 30 டிகிரி சூடு வேண்டும். என் அடுக்களையில் 18. ஊரில் என் அம்மாவுக்கு நேர்மாறான தொல்லை. சித்திரை மாதத்தில் நாலைந்து மணி நேரத்திலேயே மாவு பொங்கிப் புளித்துவிடும், பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் குளிர்விப்பார். எனக்கு அங்கே இரண்டு நாள் ஆகியும் மாவு கருங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. போன் செய்தால் அம்மா, "கையை விட்டுக் கலக்கினியா? கரண்டியில கலக்கினா எப்படிப் பொங்கும்?" என்றார். என் வீட்டுக்காரர், உளுந்திலேயே லியூக்கோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் இருக்கிறது, அதுதான் வாயுவை உண்டாக்கி மாவைத் தூக்குகிறது, கைக்குப் பெரிய வேலை இல்லை என்றார். போனிலேயே மாமியாருக்கும் மருமகனுக்கும் விவாதம். போன் கார்டுதான் காலியானது. கை விஷயத்தில் நான் இன்றைக்கும் அம்மா கட்சிதான்.

அடுத்த முறை சுவரோரம் இருக்கும் வெந்நீர்க் குழாய் ஹீட்டர் மேல் பாத்திரத்தை வைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். எங்கள் கட்டிடத்தில் ராத்திரி ஆனால் சூட்டைத் தானாகவே குறைத்துவிடுவார்கள், எரிபொருள் மிச்சம் பிடிக்க. எந்த நேரத்தில் மாவுக்குச் சூடு வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் ஹீட்டர் ஜில்லென்று இருக்கும்.

இதைப் பாதி ஜெர்மனும் பாதிச் சைகையுமாகப் பாட்டியிடம் சொல்லிப் புலம்பினேன். பாட்டி சிரித்தார். "படுக்கையில் வை" என்றார். எனக்குத்தான் பாஷை புரியவில்லை என்று நினைத்தேன். இல்லை, படுக்கையிலேதான். போர் முடிந்த காலத்தில் டோர்ட்முண்ட் குண்டுவீச்சில் இடிந்து கிடந்ததாம், அடுப்புக்குக் கரி கிடைக்காதாம். பாலில் அரிசியைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, இறகு மெத்தைப் போர்வைக்குள் படுக்க வைத்துவிடுவார் அவருடைய அம்மா. மத்தியானம் எடுத்தால் அரிசி தானாக வெந்திருக்குமாம். பால்சோறு அங்கே பிள்ளைகளுக்குப் பிடித்த சாப்பாடு. அதற்கென்றே குட்டை அரிசி விற்கிறார்கள், நான் அதில் வெண்பொங்கல் வைப்பேன், குழைவாக வரும்.

அன்று ராத்திரி மாவுப் பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் துண்டைச் சுற்றி, எங்கள் இருவருக்கும் நடுவில் போர்வைக்குள் படுக்க வைத்தேன். கைக்குழந்தை மாதிரி. என் வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார். விடிகாலையில், "காலெல்லாம் ஈரமா இருக்கே" என்று எழுந்தார். மாவு பொங்கியிருந்தது! பொங்கி, மூடியைத் தள்ளி, துண்டைத் தாண்டி, மெத்தை, போர்வை எல்லாம் மாவு. வீட்டுக்காரரைக் கேட்டால் அது விபத்து. நான் கோலாட்டம் போடாத குறை. அந்தப் போர்வை வேறு வீட்டு உரிமையாளருடையது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. துவைத்து வெளியே காயப்போட்டாலும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று குளியலறையிலேயே தொங்கவிட்டோம். இறகுப் போர்வை காய நாலு நாள் ஆனது.

இட்லி பூ மாதிரி வந்தது. ஆறு இட்லியைப் பாட்டிக்குக் கொண்டுபோனேன், சட்னியோடு. பாட்டி சட்னியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, இட்லி மேல் சீனியும் பட்டைத் தூளும் தூவிச் சாப்பிட்டார். பால்சோற்றுக்கு அவர்கள் அப்படித்தான் தூவுவார்களாம். எங்கள் தாத்தாவும் கடைசி இட்லிக்குச் சீனிதான் கேட்பார். பட்டை மட்டும்தான் அதிகப்படி.

அடுத்து, ஊர் நினைப்பு. அந்தக் காலத்தில் முகம் பார்த்துப் பேசும் வசதி இல்லை. 10 மார்க் போன் கார்டுதான், 2002-க்குப் பிறகு யூரோ. பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு குரல் வந்து, இன்னும் ஒரு நிமிடம்தான் என்று சொல்லும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மட்டும் நான் பேச மாட்டேன். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே ராத்திரி இரண்டரை. அலாரம் வைத்து எழுந்து போன் போடுவேன். எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கம். அம்மா போனை ஒயரோடு இழுத்து மாடி ஜன்னலில் வைத்துவிடுவார். கோவிந்தா கோஷம் கேட்கும், பலூன் விற்பவரின் ஊதல், எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது, ஒலிபெருக்கியில் காணாமல்போனவர்கள் அறிவிப்பு. கார்டு தீரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை தண்ணீர் பீய்ச்சுகிறவர் போனிலும் பீய்ச்சிவிட்டார், ஒரு வாரம் எங்கள் வீட்டுப் போன் வேலை செய்யவில்லை.

ஊர்சுற்றல் என்றால் எங்களுக்கு முக்கியமாக ஹம் என்ற ஊர். டோர்ட்முண்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஈழத்தமிழர்கள் காமாட்சி அம்மனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 2002 ஜூலையில் கும்பாபிஷேகம். கோபுரம் 17 மீட்டர், அதாவது 56 அடி. நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. மதுரைக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா, "சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "பெரிய கோபுரம் உள்ள ஊரை விட்டுட்டு நீங்கள் ஏன் பிள்ளை இஞ்ச வந்தனீங்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நாங்கள் நினைத்தால் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்விடலாம். அவர்களுக்கு அப்போது அப்படி இல்லை. நான் தேர்வடத்தைப் பிடிக்கப் போய்விட்டேன். வருடாவருடம் அங்கே கோடையில் தேர் ஓடும், காவடி வரும், கடைகளில் வடை, கொத்து ரொட்டி. கொத்துகிற சத்தம் கேட்டதும் நான் அந்தக் கடை முன்னாடியே நின்றுவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிதான். கண்ணை மூடிக்கொண்டால் ராத்திரி பதினோரு மணி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு வாக்கியமா தெரியவில்லை. ரோம்பெர்க் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை நடை, வசந்தத்தில் வரும் வெள்ளை அஸ்பாரகஸ், ஜூன் 24-ஆம் தேதியோடு அதை அறுப்பதையே நிறுத்திவிடுவார்கள், அதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். நேரமில்லை. திரும்பி வந்த பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2005-இல் மதுரைக்கு வந்து இறங்கிய முதல் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. தெருவில் ஆட்டோ, ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு கிரைண்டர். நான் எழுந்துபோய்க் காபி போட்டு, இரண்டு கோப்பையில் ஊற்றியிருக்கிறேன். அந்த நேரத்துக்குத்தான் பாட்டி பிளம்ஸ் கேக்கோடு மேலே வருவார். அம்மா பார்த்துவிட்டு, "யாருக்குடி இன்னொண்ணு?" என்றார்.

இப்போது ஒரு விரல் காட்டுகிறார். குளிர் ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாவு அரைத்துப் பழக்கியிருக்கிறவர்கள், மறக்காமல் சொல்லுங்கள்: படுக்கையில் வைத்தால் பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், அடியில் ஒரு தாம்பாளத் தட்டு அவசியம். நன்றி, வணக்கம்.