பைப் சேர்ப்பது ரசனையா, வேட்கையா? வேட்கையே என்ற அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணியினரே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான்: புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப்பை மேலும் மேலும் சேர்க்க வைப்பது ரசனையா, வேட்கையா? எனக்கு முன்னால் பேசிய ஐயா மூன்று விஷயங்களைச் சொன்னார். பைப் என்பது கைவினைப் பொருள், அதன் அழகு இழுக்கிறது என்றார். புகைத்த பைப்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதனால் ஒன்று போதாது என்றார். சேகரிப்பவர்கள் இல்லையென்றால் அந்த வரலாறே அழிந்திருக்கும் என்றும் சொன்னார். நன்றாகத்தான் பேசினார், கைதட்டும் வாங்கினார். ரசனையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் பைப்பை வாங்க வைத்தது ரசனைதான், ஐந்தாவது வரைக்கும்கூட விட்டுக்கொடுக்கிறேன். ஐம்பதாவதை வாங்க வைப்பது எது? இன்றைய வழக்கு அதைப் பற்றியது.

அந்த ஓய்வுக் கதையை முதலில் பார்த்துவிடுவோம். நல்ல பைப்கள் பெரும்பாலும் பிரையர் மரத்தில் செய்தவை. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரில், வேரும் தண்டும் சேருமிடத்தில் பல பத்தாண்டுகளாகப் பருத்து நிற்கும் ஒரு கட்டி இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கடைசலுக்கே கொண்டுபோவார்கள். பிரான்சில் ஜூரா மலைப்பக்கம் உள்ள சான் க்ளோத் என்ற ஊர் இந்த வேலையாலேயே பெயர் பெற்றது. மரம் நெருப்பைத் தாங்கும், ஆனால் புகைக்கும்போது ஈரத்தையும் குடித்துக்கொள்ளும், அதனால் ஒருமுறை ஊதினால் ஒரு நாளாவது காயப்போட வேண்டும் என்பது உண்மைதான். வியாபாரிகளும் வாரத்துக்கு ஏழு நாள், ஏழு பைப் என்று ஒரே பெட்டியில் அடுக்கி விற்றார்கள். சரி, ஏழு. தேவை என்றால் கணக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும் இல்லையா?

முடியாது. ஏழு சேர்ந்தவுடன் அடுத்த காரணம் வரும். லட்டாக்கியா என்று ஒரு புகையிலை, சைப்ரஸில் மரப்புகை போட்டுப் பதப்படுத்துவது, அதன் வாசனை பைப்பில் புகையிலை அடைக்கும் கிண்ணத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது, பிறகு அதில் வர்ஜீனியா என்ற வேறு புகையிலையை அடைத்தாலும் லட்டாக்கியாதான் மணக்கும். ஆகவே லட்டாக்கியாவுக்குத் தனி பைப்கள், வர்ஜீனியாவுக்குத் தனி, லூசியானாவில் விளையும் பெரிக் என்ற புகையிலை கலந்ததற்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் ஓய்வு வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றிலும் ஏழு! நடுவர் அவர்களே, இந்தக் கணக்கைப் போடுகிறவர் முட்டாள் கிடையாது. பெரிய வேலையில் இருப்பவர், அலுவலகத்தில் பத்து ரூபாய் செலவுக் கணக்கில் இடித்தாலும் கேள்வி கேட்பவர். பைப் விஷயத்தில் மட்டும் விடையை முதலில் எழுதிக்கொண்டு அப்புறம் கணக்கைப் போடுகிறார்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு சிக்கலுக்கும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தீர்வு வந்துவிட்டது. மீர்ஷாம் என்று ஒரு வெண்கல், துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் பூமிக்கடியிலிருந்து எடுக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது கத்தியால் செதுக்கலாம், அவ்வளவு மென்மை. அதில் செய்த பைப்புக்குப் பிரையர் மாதிரி ஓய்வு தேவையில்லை, ஓர் இலையின் வாசனை அடுத்த இலைக்குப் பெரிதாக ஒட்டுவதும் இல்லை. ஓய்வும் வாசனையும்தான் பிரச்சினை என்றால் இரண்டு மீர்ஷாமோடு கதை முடிந்தது, மரத்தில் செய்த மீதியை விற்றுவிடலாம். யாராவது விற்றார்களா? மீர்ஷாமையும் வாங்கி, அது புகையேறி வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுவதை ரசிக்க வேண்டும் என்று அதிலும் நான்கு சேர்த்துக்கொண்டார்கள்.

புகையின் சுவைதான் முக்கியம் என்று எதிரணியிலிருந்து ஓர் அம்மா இடையில் குரல் கொடுத்தார். அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர், தலைநகரம் இல்லை, அங்கே 1869 முதல் மக்காச்சோளச் சக்கையில் பைப் செய்கிறார்கள். ஹென்றி டிப்பே என்ற மரக்கடைசல்காரர் ஆரம்பித்தது. பிறகு சக்கையின் மேல் பிளாஸ்டர் சாந்து பூசி கெட்டியாக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமையும் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் வாயில் இருந்ததே, அந்த வகைதான். சில டாலர்தான் விலை, புதிதில் மெல்ல மெல்லப் புகைத்துப் பழக்க வேண்டிய அவசியமில்லை, முதல் தடவையே சூடேறாமல் நன்றாகப் புகைக்கும் என்று பைப்காரர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் ஐந்நூறு டாலர் பைப்புக்கு விலை கேட்பார்கள்.

இப்போது டன்ஹில் என்ற லண்டன் பைப் நிறுவனத்துக்கு வருகிறேன், என் கட்சியின் முக்கிய சாட்சி அதுதான்.

ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை வைத்தார், 1910-இல் சொந்தமாகப் பைப் செய்ய ஆரம்பித்தார். வாயில் வைக்கும் முனையின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. எதற்கு? நேர் பைப்பில் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை, அதைக் காட்டத்தான். அப்புறம், கிண்ணம் வெடித்தால் ஓர் ஆண்டுக்குள் மாற்றித் தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள், அதற்காகச் செய்த ஆண்டைக் குறிக்கும் சின்ன எண்ணைக் கீழே முத்திரையிட்டார்கள். இரண்டும் கடைக்காரரின் நடைமுறை வேலைகள்தான். ஆனால் அந்தச் சின்ன எண் என்ன செய்தது என்று பாருங்கள். எந்த பைப் எந்த ஆண்டு என்று படிக்க முடிந்தது, படிக்க முடிந்தவுடன் வரிசை பிறந்தது, வரிசை பிறந்தவுடன் விட்டுப்போன ஆண்டுகள் கண்ணில் பட ஆரம்பித்தன. நேற்றுவரை அந்த அலமாரியில் எல்லாம் இருந்தது, இன்றைக்கு அதே அலமாரியில் ஒரு குறை இருக்கிறது!

முதலில் தான் பிறந்த ஆண்டு பைப்பைத் தேடுவார். இது உண்மையில் நடக்கிற விஷயம், பிறந்த ஆண்டு பைப் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். கிடைத்தால் கல்யாண ஆண்டு. அடுத்து மனைவி பிறந்த ஆண்டு, அந்த அம்மாவுக்குப் புகை நாற்றமே ஆகாது, இருந்தாலும் அன்பு! அப்புறம் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டதால் அந்த வரிசையாவது நின்றது என்று வையுங்கள். இதில் எந்த பைப்பை அவர் அதன் மர ரேகைக்காக, அதன் எடைக்காக, கையில் உட்காரும் விதத்துக்காக வாங்கினார்? எண்ணுக்காக வாங்கினார். கீழே திருப்பிப் பார்த்து, எண்ணைப் பார்த்து, அதற்கப்புறம்தான் மேலே திருப்பிப் பைப்பைப் பார்க்கிறார்.

வடிவப் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பில்லியர்ட், ஆப்பிள், டப்ளின், புல்டாக், கனேடியன், லோவட், பிரின்ஸ், போக்கர் என்று பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்து ஒரு தாளில் வரிசையாகப் படம் போட்டுக் கொடுத்தால், ஆறு வைத்திருப்பவனுக்கு அந்த ஆறு தெரியாது, இல்லாத இரண்டுதான் தெரியும்.

கலை என்றாரே ஐயா. கலைக்கு நான் தலைவணங்குகிறேன். கோபன்ஹேகனில் சிக்ஸ்டன் ஈவர்சன் என்பவர் இருந்தார், ஸ்வீடனில் பிறந்தவர், மரக்கட்டையை இயந்திர அச்சுக்குள் அடக்காமல், ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் வடிவத்தைப் போகவிட்டவர். அவர் மகன் லார்ஸும் பேத்தி நானாவும் அதே வேலையில் பெயர் எடுத்தார்கள். அப்படி ஒரு பைப்பை வாங்கி வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் கேட்பது இதுதான்: கலையை ரசிக்கத் தெரிந்த மனிதனுக்கு வர வர எண்ணிக்கை குறைய வேண்டாமா? கண் தேறத் தேற, பத்தில் எட்டு சுமார் என்று தெரிய வேண்டும், அந்த எட்டும் வெளியே போக வேண்டும். அப்படிக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன், அவர்களை எதிரணி தாராளமாகச் சாட்சிக்குக் கூப்பிடலாம். பெரும்பாலான இடத்தில் கண்ணும் தேறுகிறது, அலமாரியும் இன்னொன்று வருகிறது.

பொருளா, வேட்கையா என்று கேட்டால் வில்லியம் பிராக் என்ற ஆங்கிலேயரைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர், பர்மிங்காமில் பிறந்தவர். டான் குவிக்ஸாட் எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸின் நூல்களைச் சேர்த்தார், ஆயிரத்துக்கும் மேல், அதைச் சொந்த ஊர் நூலகத்துக்கே கொடுத்தார், 1879-இல் நூலகம் தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. பழைய ஓவியச் சுவடிகளைச் சேர்த்தார், 1876-இல் ஏலத்தில் விற்றார். ரத்தினக் கற்களையும் சேர்த்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து புகைக்கும் பைப்களையும் சேர்த்து, புகையிலை பற்றிய நூல்களோடு 1880-இல் அச்சிட்ட பட்டியலே போட்டார். நூல், சுவடி, கல், பைப். பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது, சேர்ப்பது மட்டும் மாறவில்லை. இவரை இழுத்தது பைப்பின் அழகு என்று எதிரணி சொன்னால், கல்லின் அழகுக்கும் சுவடியின் அழகுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

வரலாற்றைக் காப்பாற்றினார்கள் என்ற வாதம்தான் கொஞ்சம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பைப் அருங்காட்சியகமே ஒரு தனிமனிதரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் பைப்பிலிருந்து வரலாறு உண்மையில் எப்படிக் கிடைத்தது? ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954-இல் ஒரு முறையை வெளியிட்டார். பழைய ஆங்கிலேயக் களிமண் பைப்களின் தண்டில் உள்ள துளை, 1620 வாக்கில் அங்குலத்தை 64-ஆகப் பிரித்தால் 9 பங்கு, 1800 நெருங்கும்போது 4 பங்கு. காலம் போகப் போகத் துளை சிறுத்திருக்கிறது. ஆகவே ஓர் இடத்தைத் தோண்டிக் கிடைக்கும் துண்டுகளின் துளையை அளந்தாலே அங்கே மனிதர்கள் இருந்த காலம் தோராயமாகத் தெரிந்துவிடும். எதை வைத்து? உடைந்து குப்பையில் வீசிய துண்டுகளை வைத்து. எதிரணி ஐயாவின் கண்ணாடி அலமாரியில் உடைந்த துண்டுக்கு இடம் உண்டா? தேம்ஸ் சேற்றில் அனுமதி வாங்கி அதைப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என் வழக்கில் சேர்த்தியில்லை. அப்படியே சேகரிப்பால் நன்மை விளைந்தது என்று வைத்தாலும், விளைந்தது வேறு, உள்ளே இருந்து தள்ளியது வேறு. நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

புடவைக் கதையை விட்டுவிட்டேன். பீரோவில் அறுபது பட்டுப்புடவை இருக்கும்போது அறுபத்தொன்றாவதுக்குக் கடைக்குப் போவதில்லையா, அதை ரசனை என்கிறீர்களே என்று கேட்டு அரங்கத்தையே சிரிக்க வைத்தார் ஐயா. நான் எப்போது அதை ரசனை என்றேன்? அதுவும் வேட்கைதான், என் வீட்டிலிருந்தே நான்கு சாட்சி கொண்டுவருகிறேன். ஆனாலும் புடவையைக் கல்யாணத்துக்காவது கட்டுகிறார்கள். பைப் உலகத்தில் எந்த பைப்புக்கு விலை அதிகம் தெரியுமா? ஒரே தயாரிப்பாளர், ஒரே வடிவம், ஒரே ஆண்டு என்றால், ஒருமுறைகூட நெருப்பு வைக்காத பைப்புக்கு. புகையிலை உடம்புக்குக் கேடு, பைப்பும் வாய்ப்புற்றைத் தரும், அதனால் புகைக்காமல் வைத்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான். வாதத்துக்கு அது உதவாதே! புகைத்துச் சுவை பார்த்தால் மதிப்பு இறங்கும் என்று பயந்து பெட்டியோடு பூட்டி வைத்திருக்கும் ஒரு பொருளில், அவர் எதை ரசிக்கிறார்?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியிலிருந்து வருகிறவர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இரண்டு மீர்ஷாம் ஏன் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும். வணக்கம்.