100 டாலருக்கு ஒரு சி.டி.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ராப் என்றதும் ஓடி வந்து முன்வரிசையைப் பிடித்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'அமெரிக்க ராப் கலைஞர் நிப்சி ஹசிலை உச்சிக்குக் கொண்டுபோனது பெரிதும் எது? தனித்து நின்று உழைத்த ஆண்டுகளா, பெரிய நிறுவனத்தின் பலமா?' இதுதான் இன்றைய தலைப்பு. தனித்து நின்ற ஆண்டுகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சுருக்கமாக, அழகாகப் பேசினார். 2017 நவம்பரில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசை நிறுவனம் நிப்சியோடு கைகோர்த்தது, 2018 பிப்ரவரியில் 'விக்டரி லேப்' ஆல்பம் வந்தது, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 4-ஆம் இடத்தில் நுழைந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் கிராமி பரிந்துரையும் வந்துவிட்டது என்றார். "அதற்கு முன்னால் இத்தனை வருஷம் பாடினாரே, இதில் ஒன்றாவது நடந்ததா?" என்று கேட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் வாங்கினார்.

தேதிகள் எல்லாம் சரி. ஆனால் தலைவர் கதையை இடைவேளைக்குப் பிறகுதான் பார்த்திருக்கிறார். முதல் பாதியை நான் சொல்கிறேன்.

எர்மியாஸ் அஸ்கெடோம் என்பது அவருடைய இயற்பெயர். 1985-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா எரித்திரியாவிலிருந்து வந்தவர், அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். வளர்ந்தது கிரென்ஷா வட்டாரத்தில். அங்கே இளவயதில் தெருக் கும்பலில் சேராமல் ஒதுங்குவது லேசான காரியமில்லை. ரோலிங் சிக்ஸ்டீஸ் கும்பலில் தான் இருந்ததை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 2004-இல் அப்பாவோடும் அண்ணனோடும் எரித்திரியா போய் மூன்று மாதம் தங்கினார். அதிபரில் தொடங்கி போலீஸ்காரர் வரைக்கும் தன்னைப் போன்ற முகங்களே ஒரு நாட்டை நடத்துவதைப் பார்த்தது தன்னை மாற்றியது என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். திரும்பி வந்து 2005-இல் முதல் மிக்ஸ்டேப், அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் கலைஞரே வெளியிடும் பாடல் தொகுப்பு. ஸ்லாசன் அவென்யூவும் கிரென்ஷா பூல்வார்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கடை வளாகம் இருக்கிறது. அதன் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து வைத்து அந்த சி.டி.க்களை விற்றார். அண்ணன் அதே இடத்தில் டீ-ஷர்ட் விற்றார். போலீஸ் விரட்டும், ஓடுவார்கள், மறுநாள் அங்கேயே வந்து நிற்பார்கள்.

இனி வருவதுதான் தலைவர் தொடாமல் விட்ட பகுதி. 2008-இல் ஒரு பெரிய நிறுவனம் நிப்சியைத் தேடி வந்தது. பெயர் எபிக் ரெக்கார்ட்ஸ். சோனி குடும்பத்தைச் சேர்ந்தது, மைக்கேல் ஜாக்சனின் ஆல்பங்களை வெளியிட்டது. பலத்துக்கு என்ன குறைச்சல்? ஒப்பந்தம் போட்டார்கள், 2009-இல் ஒரு தனிப்பாடல் வந்தது, மறுவருஷம் இன்னொன்று வந்தது. 'சவுத் சென்ட்ரல் ஸ்டேட் ஆஃப் மைண்ட்' என்று முதல் ஆல்பத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அந்த ஆல்பம் வெளிவரவே இல்லை! நிறுவனத்துக்குள்ளே தலைமைக் குழப்பம், பணக் குழப்பம். காத்திருந்து பார்த்த நிப்சி 2010-இல் வெளியே வந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, இந்த வழக்கின் முக்கியச் சாட்சி இதுதான். பெரிய நிறுவனம் அந்த மனிதரின் வாழ்க்கையில் இரண்டு முறை வந்தது. 2008-இல் வந்தபோது ஒரு ஆல்பம்கூடத் தேறவில்லை. 2017-இல் வந்தபோது கிராமி வரை போனது. இரண்டு முறையும் அதே குரல், அதே தெரு, அதே மாதிரி பண பலம். நடுவில் கழிந்த ஆண்டுகளில் நடந்தது எதுவோ அதுதான் அவரை உயர்த்தியது. என்ன நடந்தது என்று பார்ப்போம்.

வெளியே வந்த கையோடு 'ஆல் மணி இன்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். 2010 டிசம்பரில் 'தி மாரத்தான்' என்ற மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். மறுவருஷம் அதன் தொடர்ச்சி. 2012 வாக்கில் ராப் கலைஞர் ரிக் ராஸின் மேபேக் மியூசிக் நிறுவனத்தில் சேரப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவர் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பது புரிய, இந்தத் தொழிலின் கணக்குவழக்கு கொஞ்சம் தெரியவேண்டும். நிறுவனத்தில் சேரும் புதுக் கலைஞருக்கு முன்பணம் தருவார்கள். ஊரே அதைச் சம்பளம் என்று நினைக்கும். அது சம்பளமே இல்லை, பற்று. ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவில் ஒரு பகுதி என்று எல்லாம் கலைஞரின் கணக்கில் ஏறும். விற்பனையில் அவருக்கென்று வரும் சின்னப் பங்கிலிருந்து அந்தப் பற்று முழுதும் தீர்ந்த பிறகுதான் கையில் காசு. அதைவிடப் பெரிய விஷயம் மாஸ்டர் உரிமை, அதாவது பதிவான பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்பது. பெரும்பாலும் அது நிறுவனத்திடம் போய்விடும். உழுது விளைவிப்பது ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில். இந்தப் பட்டா விஷயத்தை மேடைக்கு மேடை, பேட்டிக்குப் பேட்டி நிப்சி பேசினார். இருபத்தைந்தைத் தாண்டிய இளைஞர், ஒருமுறை அடிபட்டவர், அடுத்த காசோலையைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடாமல் இருந்தாரே, அந்த நெஞ்சுறுதிக்கு நான் தலைவணங்குகிறேன்.

இப்போது 2013 அக்டோபருக்கு வாருங்கள். 'கிரென்ஷா' என்று ஒரு மிக்ஸ்டேப். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதே பாடல்களை சி.டி.யாக 1,000 பிரதிகள் மட்டும் போட்டார். ஒரு சி.டி. 100 டாலர்! பத்து, பதினைந்து டாலருக்கு ஆல்பம் விற்கும் ஊரில், அதுவும் சும்மா கிடைக்கிற பாட்டுக்கு. பிலடெல்பியாவில் ஒரு உணவகம் ஊர் முழுக்க மலிவாகக் கிடைக்கும் சீஸ்ஸ்டேக் ரொட்டியை 100 டாலருக்கு விற்றுப் பேர் வாங்கிய கதையை ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறார். அங்கிருந்து பிடித்த யோசனை. லாஸ் ஏஞ்சலஸில் தற்காலிகக் கடை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். ஒரே நாளில் அத்தனையும் தீர்ந்தது. புகழ்பெற்ற ராப் கலைஞர் ஜே-ஸி மட்டும் 100 பிரதிகளை வாங்கினார். 10,000 டாலர்.

இந்தக் கடையை விட்டு நகர எனக்கு மனமில்லை. 1,000 சி.டி., தலைக்கு 100 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர். நிறுவன ஒப்பந்தத்தில் ஒரு சி.டி.க்கு ஒரு டாலர் கலைஞரின் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், இதே தொகையைப் பார்க்க ஒரு லட்சம் சி.டி. விற்கவேண்டும், அதுவும் பற்றெல்லாம் தீர்ந்த பிறகு. பணத்தை விடுங்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு 100 டாலர் எடுத்து நீட்டியவர்கள் யார்? ஐந்து வருஷம், ஆறு வருஷம் அவர் பாட்டைத் தரவிறக்கிக் கேட்டவர்கள். 'இத்தனை நாள் சும்மா கொடுத்தாயே, இந்தா, இது உனக்கு' என்று வந்து நின்றவர்கள். எந்த விளம்பரப் பிரிவும் அந்த வரிசையை உண்டாக்கித் தரவில்லை. 2014 கடைசியில் 'மெயில்பாக்ஸ் மணி' வந்தது. அதில் 100 பிரதிகள், ஒன்று 1,000 டாலர். அதற்கும் ஆள் வந்தது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். 2010-இல் எக்ஸ்.எக்ஸ்.எல். என்ற ராப் இசை இதழ் 'இந்த ஆண்டின் புதுமுகங்கள்' என்று அட்டைப்படம் போட்டது. அதில் நிப்சி இருந்தார். கூடவே ஜே. கோல், விஸ் கலீஃபா, பிக் ஷான். அந்த மூவரும் பெரிய நிறுவனங்கள் வழியாக 2011-இலேயே ஆல்பம் போட்டு உலகப் புகழ் அடைந்தார்கள், உங்கள் நிப்சி 2018 வரை நடந்துகொண்டே இருந்தார், இது உழைப்பின் வெற்றியா, தாமதத்தின் வலியா என்றார்.

நியாயமான கேள்வி. வலி இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சகோதரி, விஸ் கலீஃபாவை நீங்கள் சாட்சிக்கு அழைத்ததற்கு நான் நன்றி சொல்லவேண்டும். அவர் 2007-லேயே வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸில் சேர்ந்தவர். அங்கேயும் ஆல்பம் வரவில்லை. 2009-இல் வெளியேறி, பிட்ஸ்பர்க்கில் இருந்த ரோஸ்ட்ரம் என்ற சின்ன நிறுவனத்தோடு நின்று, 2010 ஏப்ரலில் 'குஷ் அண்ட் ஆரஞ்ச் ஜூஸ்' என்ற மிக்ஸ்டேப்பை இலவசமாக விட்டார். இணையம் முழுக்க அதுதான் பேச்சு. அதற்கப்புறம்தான் அட்லாண்டிக் வந்தது. ஆமாம், அதே அட்லாண்டிக். கூட்டம் கூடிய பிறகு வந்து சேர்ந்தது. அதே அட்டைப்படத்தில் இன்னொருவரும் இருக்கிறார், சகோதரி அவர் பெயரைச் சொல்லவில்லை. இண்டியானாவின் கேரி நகரத்து ஃப்ரெடி கிப்ஸ். இன்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனம் அவரைச் சேர்த்து, ஆல்பம் போடாமலே விட்டுவிட்டது. அவர் தனியாகவே பாடிப் பாடி, 2020-இல் தயாரிப்பாளர் ஆல்கெமிஸ்டோடு சேர்ந்து போட்ட 'அல்ஃப்ரெடோ' ஆல்பத்துக்குக் கிராமி பரிந்துரை வாங்கினார். பலம் நிறுவனத்திடம்தான் என்றால், நிறுவனத்தின் கையில் இருந்தபோது இவர்கள் எல்லாம் ஏன் முளைக்கவில்லை?

இந்த வழி நிப்சி கண்டுபிடித்ததும் இல்லை. ஓக்லாந்தில் டூ ஷார்ட் என்ற ராப் கலைஞர் கேசட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு விற்ற காலத்திலிருந்து கலிஃபோர்னியா ராப்பில் இது ஒரு மரபு. நியூ ஆர்லியன்ஸின் ராப் கலைஞர் மாஸ்டர் பி, கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இசைத்தட்டுக் கடை வைத்து ஆரம்பித்தவர். தொண்ணூறுகளின் நடுவில் பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேச உட்கார்ந்தபோது மாஸ்டர் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விநியோகத்துக்கு மட்டும் பங்கு கொடுத்தார். சொந்தமாக விற்றுக் காட்டிய பிறகு உட்கார்ந்ததால்தான் அப்படிப் பேரம் பேச முடிந்தது.

இனி 2017-க்கு வரலாம். அந்த ஆண்டு ஜூனில், முன்பு விரட்டி விரட்டி அடிக்கப்பட்ட அதே கடை வளாகத்தில் 'தி மாரத்தான் க்ளோதிங்' கடையைத் திறந்தார் நிப்சி. துணியின் மேல் கைபேசியைக் காட்டினால் பாட்டும் காணொளியும் வரும்படி செயலியோடு திறந்தார். அட்லாண்டிக் அறிவிப்பு வந்தது நவம்பரில், ஐந்து மாதம் கழித்து. 'விக்டரி லேப்' ஆல்பத்தில் அட்லாண்டிக் பெயரோடு 'ஆல் மணி இன்' பெயரும் இருக்கிறது. கூலிக்குச் சேர்ந்தவராக இல்லாமல் கூட்டாளியாக உள்ளே போனார். ஆல்பம் வந்த அதே பிப்ரவரியில், கிரென்ஷா பகுதியில் தொழில் தொடங்குவோருக்காக 'வெக்டர் 90' என்ற பொதுப் பணியிடத்தையும் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து திறந்தார். அப்புறம் அந்தக் கடை வளாகத்தையே கூட்டாகச் சேர்ந்து வாங்கினார்கள். விரட்டப்பட்ட பார்க்கிங் அவர்களுக்கே சொந்தமானது.

எதிரணியில் மூன்றாமவர் சொன்ன ஒரு சொல் மட்டும் என்னைச் சுட்டது. 'செத்த பிறகு வந்த புகழ்' என்றார். ஐயா, கிராமி பரிந்துரை 2018 டிசம்பரில் வந்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். விருது ராப் பாடகி கார்டி பி-யின் ஆல்பத்துக்குப் போனது, அதுவும் அட்லாண்டிக் வெளியீடுதான். 2019 மார்ச் 31 அன்று, தன் சொந்தக் கடை வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. ஏப்ரல் 11 அன்று ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கில் அஞ்சலி நடந்தது, ஒபாமா எழுதிய கடிதம் அங்கே வாசிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் மற்றவர்கள் கும்பலையும் குண்டையும் மட்டும் பார்த்த இடத்தில் அவர் வாய்ப்பைப் பார்த்தார் என்பது அதன் சாரம். அப்புறம் அவர் உடலைத் தாங்கிய வண்டி சுமார் 25 மைல் ஊர் வழியே போனது, தெற்கு லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் தெருவில் வந்து நின்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பில்போர்டு பட்டியலைப் பார்த்து வந்தவர்கள் இல்லை. அவரிடம் சட்டை வாங்கியவர்கள், அவர் கையால் சி.டி. வாங்கியவர்கள். 2020-இல் அவருக்குக் கிடைத்த இரண்டு கிராமி விருதுகளை நான் என் வாதத்தில் சேர்க்கவே இல்லை, அவை இல்லாமலே என் வழக்கு நிற்கும்.

எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. 2017 நவம்பரில் அட்லாண்டிக் மேசைக்குக் கொண்டுவந்ததில், நிப்சியிடம் ஏற்கெனவே இல்லாதது என்ன? வானொலிப் பலம் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. நாடு முழுக்க விநியோகம் என்பீர்கள், அதிலும் பாதி தருகிறேன், மீதிப் பாதியை இணையம் அதற்கு முன்பே அவருக்குக் கொடுத்துவிட்டது. அவற்றைத் தவிர வேறு என்ன என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நன்றி, வணக்கம்.