மூன்று தண்ணீர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் இருபது பைகளில் காய்கறி வளர்க்கிறேன், அவ்வளவுதான். பறித்ததை எப்படிக் கழுவுவது, எப்படிச் சமைப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

"நம்ம வீட்டுல விளைஞ்சது, மருந்தே அடிக்கல, அப்படியே கடிச்சுத் தின்னலாம்" என்று சொல்லாதவர்கள் இங்கே குறைவு. மருந்து இல்லை, சரி. தூசி? துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்றது. கன்டெய்னர் லாரி நிற்கவில்லையே! காலையில் அவரை இலையை விரலால் தடவிப் பாருங்கள், மை தொட்ட மாதிரி இருக்கும்.

கீரையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். வடிதட்டில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் மண் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு இடம் மாறும், போகாது. அகலமான பேசினில் நிறையத் தண்ணீர் பிடித்துக் கீரையை முக்கி, கொஞ்ச நேரம் விடுங்கள். மண் அடியில் படியும். அப்புறம் கீரையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்தால் படிந்ததெல்லாம் கீரை மேலேயே திரும்ப இறங்கும். தண்ணீரை மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள்; கடைசியில் பேசின் அடியில் விரல் வைத்தால் நறநறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு மூன்று தண்ணீர் ஆகிறது. நறுக்குவது அதற்குப் பிறகுதான்.

இலையில் அசுவினி என்கிற குட்டிப் பூச்சி ஒட்டியிருந்தால் முதல் தண்ணீரில் கல் உப்பு போடலாம். அந்தத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே வந்தேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

தெருவோரத் தரையில் விளைந்தது என்றால் கதை வேறு. 2000 வரை பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். மண்ணில் சேர்ந்த ஈயம் லேசில் போகாது. வேர் வழியாகச் செடிக்குள் ஏறியதைக் கழுவியும் எடுக்க முடியாது, வேகவைத்தும் எடுக்க முடியாது. நான் பையில் வளர்ப்பது அதனால்தான்.

சமையலுக்கு வருவோம். கடைக் கத்திரிக்காயை முதலில் வதக்கி அரை வேக்காடாக்கி, பிறகுதான் புளி விடுவோம்; புளிப்பு முந்திக்கொண்டால் காய் லேசில் வேகாது. காலையில் பறித்த பிஞ்சுக்கு அது தலைகீழ். கொதிக்கிற புளிக்குழம்பில் நேராகப் போடுங்கள். புளிப்பே அதைக் குழையவிடாமல் பிடித்துக்கொள்ளும். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு இருந்தால் தலையைக் கிள்ளி, வெந்நீரில் அலசி, கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் போதும். கருவாட்டுக்கும் மூன்று தண்ணீர்தான். அதில் இருப்பது கடற்கரை மணல்.