வாய் திட்டும், கை தாங்கும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோ படம் நெஞ்சைத் தொடுவது நாயகனின் வல்லமையாலா, அவனுடைய குறையாலா என்பது தலைப்பு. குறையால்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தை எடுத்துக்கொண்டார். "காதலி செத்துப்போகிறாள். அந்த மனிதர் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பி அவளைப் பிழைக்க வைக்கிறார். இதைவிட உணர்ச்சி வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காட்சியில் யாருக்காவது தொண்டை அடைத்ததா? எனக்கு அடைக்கவில்லை. என் அப்பா இறந்தபோது பூமி எந்தப் பக்கம் சுற்றியிருந்தாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார். அது தெரிந்தவனுக்கு அந்தக் காட்சி ஒரு நல்ல வித்தை, அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் நான் கர்ணனை இழுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இழுக்கவில்லை. மேடைக்கு மேடை வந்து அவரும் களைத்துப்போயிருப்பார். நான் ஒரே ஒரு படத்தோடு வந்திருக்கிறேன். 2017இல் ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கிய 'லோகன்'.

ஹ்யூ ஜாக்மேன் 2000ஆம் ஆண்டிலிருந்து, எக்ஸ்-மென் என்ற சூப்பர் ஹீரோ கூட்டத்தின் படங்களில், வுல்வரின் என்கிற இந்த லோகனாக நடித்தவர். எத்தனை குண்டு பாய்ந்தாலும் காயம் ஆறிவிடும், விரலிடுக்கிலிருந்து உலோக நகம் சீறிக்கொண்டு வரும். 17 வருடம் அப்படியே பார்த்துப் பழகிய ஆளை இந்தப் படம் எப்படி அறிமுகப்படுத்துகிறது? கதை நடப்பது 2029இல். வாடகைக்கு ஓட்டும் லிமோசின் காருக்குள் குடித்துவிட்டுத் தூங்குகிறார். நாலு பேர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கிப்போய் வேண்டாம் என்கிறார். சுட்டுவிடுகிறார்கள். எழுந்து நகத்தை நீட்டினால், ஒரு நகம் முழுதாக வெளியே வர மறுக்கிறது! தன் நகத்தைத் தானே பிடித்து இழுக்க வேண்டிய நிலைமை. எழுத்தைப் படிக்க மருந்துக் கடையில் விற்கும் மலிவுக் கண்ணாடி. உடம்புக்குள் இருக்கும் அந்த உலோகமே விஷமாகி அவரை அரித்துக்கொண்டிருக்கிறது. எந்த உலோகம் அவருடைய பலமோ அதே உலோகம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, உடம்பு நொந்தவனெல்லாம் நம்மை அழவைப்பானா? மாட்டான். விஷயம் அவர் வீட்டுக்குள் இருக்கிறது.

எல்லை தாண்டி மெக்சிகோவில், கைவிடப்பட்ட ஓர் ஆலையில், தன் குருநாதர் சார்லஸ் சேவியரை ஒளித்து வைத்திருக்கிறார். பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது. உலகத்தின் மனங்களையெல்லாம் படித்த அந்தப் பேராசிரியருக்கு இப்போது மூளை தேய்கிறது. வலிப்பு வந்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் மூச்சுவிட முடியாமல் உறைந்துபோவார்கள். அதனால் ஊசி, மாத்திரை, நேரம் தவறாமல். கார் ஓட்டும் காசில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மீதியைச் சேர்த்து ஒரு படகு வாங்கி, யாருக்கும் ஆபத்தில்லாமல் இருவரும் கடலில் போய் இருந்துவிடலாம் என்பது கனவு.

இதைக் கேட்டால் லோகன் ஏதோ சேவைச் செம்மல் போலத் தெரியும். படத்தில் பாருங்கள், ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அதட்டுகிறார், கத்துகிறார். கிழவரும் லேசுப்பட்டவரில்லை. "நான் எப்போது சாவேன் என்று காத்திருக்கிறாய்" என்கிறார். ஆனால் அதே லோகன்தான் கிழவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிவறையில் உட்காரவைத்துவிட்டு வெளியே நிற்கிறார். மாடிப்படியில் சுமந்துபோய்ப் படுக்கையில் கிடத்துகிறார்.

நடுவர் அவர்களே, என் அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். மாத்திரையை விழுங்கியதுபோல் காட்டிவிட்டு, நான் திரும்பியதும் எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவார். ஒரு நாள் உறையை உதறினேன், பதினோரு மாத்திரை விழுந்தது. "ஏன்யா என் உயிரை வாங்குறே?" என்று கத்திவிட்டேன். பெற்ற தகப்பனை. கத்திக்கொண்டேதான் அவர் வாயைத் துடைத்தேன். அந்த மாதத்தில் என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் யாரும் நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். சூப்பர்மேன் தன் அப்பாவிடம் இப்படிக் கத்துவாரா? மாட்டார். அதனால்தான் அவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது, அழுகை வருவதில்லை.

அடுத்து, எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். "தலையும் கையும் வெட்டுப்பட்டு விழுகிற படம், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. இதில் என்ன மனசைத் தொட இருக்கிறது?" அம்மா, வெட்டு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. ஆனால் அந்த வெட்டுக்குக் கணக்குக் கேட்கிற படமும் அதுதான்.

லோரா என்று ஒரு சிறுமி வருகிறாள். டாஃப்னி கீன் நடித்தது. லோகனின் மரபணுவை வைத்து ஆய்வுக்கூடத்தில் கொலை செய்வதற்காகவே வளர்த்த பிள்ளை. அவளுக்கும் அதே நகம், அதே கோபம். ஓரிடத்தில் தானும் ஆட்களைக் காயப்படுத்தியிருப்பதாகச் சொல்கிறாள். அதோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்கிறார் லோகன். கெட்டவர்கள்தானே என்கிறாள். ஆனாலும் ஒன்றுதான் என்கிறார். எத்தனையோ சூப்பர் ஹீரோ படங்களில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். கெட்டவன் செத்தாலும் கொன்றவன் அதைச் சுமக்க வேண்டும் என்று ஒரு குழந்தையை உட்காரவைத்துச் சொல்ல, கை சுத்தமான நாயகனால் முடியாது.

அப்புறம் அந்தப் பண்ணை வீட்டு இரவு. வழியில் சந்தித்த ஒரு குடும்பம் சோறு போட்டு, தங்க இடமும் கொடுக்கிறது. நெடுநாள் கழித்து ஒரு நல்ல ராத்திரி. படுக்கையில் இருந்தபடி சேவியர் மனம் விட்டுப் பேசுகிறார். தன் வலிப்பால் முன்பு தன் மாணவர்களே இறந்ததை நினைவுகூர்ந்து, இந்தச் சந்தோஷத்துக்கு எனக்குத் தகுதியில்லை என்கிறார். கேட்டுக்கொண்டிருப்பது லோகன் என்று நினைக்கிறார். லோகன் இல்லை. லோகனைப் போலவே அச்சு அசலாகச் செய்யப்பட்ட இன்னொருவன். அவன் கிழவரின் மார்பில் நகத்தை இறக்கிவிடுகிறான். உண்மையான லோகன் ஓடி வந்து, உயிர் போகிற கிழவரைத் தூக்கிக்கொண்டு சொல்வது ஒன்றுதான்: "அது நான் இல்லை." பழிவாங்குவேன் என்ற சபதம் கிடையாது. வாழ்நாளெல்லாம் அதட்டியவனுக்கு, கடைசி நேரத்தில் தன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். எனக்கு அந்தப் பயம் தெரியும், நடுவர் அவர்களே.

ஒரு நீர்நிலைக்குப் பக்கத்தில் புதைக்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்கிறார். படகு வாங்க முடியவில்லை அல்லவா, அதற்குப் பதிலாக இது. அடுத்த வார்த்தை வரவில்லை. மண்வெட்டியை எடுத்து வண்டியைப் போட்டு அடிக்கிறார். இந்தப் படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. தழுவல் திரைக்கதைப் பிரிவில் ஒரு சூப்பர் ஹீரோ படம் நுழைந்தது அதுவே முதல்முறை. நான் தேர்வுக்குழுவில் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் என்ற ஒரு சொல்லுக்கே கொடுத்திருப்பேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம்.

லோகனும் சாகிறார். சாகும்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக அப்பா என்று கூப்பிடுகிறாள். குழி மூடியாகிவிட்டது. அவளிடம் இரங்கல் பேசச் சொந்த வார்த்தை இல்லை, யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஓட்டல் அறையில் சேவியரோடு உட்கார்ந்து டிவியில் பார்த்த 'ஷேன்' என்ற பழைய கௌபாய் படத்தின் வசனம் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்கிறாள். அவளைப் போலவே ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிவந்த பிள்ளைகள் எல்லாரும் நடக்கத் தொடங்குகிறார்கள். அவள் மட்டும் நின்று, நட்டுவைத்த சிலுவையைப் பிடுங்கி, சாய்த்து, எக்ஸ் எழுத்தாக வைத்துவிட்டுப் போகிறாள்.

உட்கார்ந்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. தண்ணீர் பாட்டிலை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.