கேள்வி கேட்கும் நாற்காலி பெற்றோருக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சிகாகோ மாநகரப் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்க ஏற்றவர் பெற்றோரா, கல்வி வல்லுநரா என்பது நம் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வரவுசெலவுத் திட்டத்தையும் எடுத்துக்காட்டி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவரிடம் இதை ஒப்படைக்கலாமா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். கேள்வி அழகானதுதான், நானும் கைதட்டினேன். ஆனால் வாரியத்தின் வேலை என்ன என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வாரிய உறுப்பினர் வகுப்பெடுப்பதில்லை. தலைமை நிர்வாகியை நியமிப்பது, அவர் வைக்கும் வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது அல்லது திருப்பி அனுப்புவது, எந்தப் பள்ளி இயங்கும், எது மூடப்படும் என்று வாக்களிப்பது ஆகியவையே அவர் வேலை. வல்லுநரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம்; அமர்த்தியும் இருக்கிறார்கள். அவரைக் கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியிலும் இன்னொரு வல்லுநரையே உட்கார வைத்துவிட்டால், இருவரும் ஒரே மொழியில் பேசித் தலையாட்டிக்கொள்வார்களே தவிர, கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

நடந்ததையே சொல்கிறேன். சிகாகோவில் 1995 முதல் வாரியத்தை மேயரே நியமித்துவந்தார். அப்படி நியமிக்கப்பட்ட வாரியம் 2013 மே மாதத்தில் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. கட்டடங்களில் போதிய பிள்ளைகள் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. அதை எப்படி அளந்தார்கள்? வகுப்புக்கு 30 பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தனி வகுப்பில் 30 பேரை வைக்க விதியே இடம் தராது. ஆக, விதிப்படி ஒழுங்காக நடந்த வகுப்பறை, வல்லுநரின் தாளில் அரைகுறையாகக் காலியான அறையாகத் தெரிந்தது. இந்த ஓட்டையை அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் எடுத்துச் சொன்னார்கள். புதிய பள்ளிக்குப் பிள்ளைகள் நடக்க வேண்டிய வழி எதிரெதிர்க் கும்பல்களின் எல்லையைக் கடக்கிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள்; பிறகு அந்த வழிகளில் பளிச்சென்ற மேற்சட்டை அணிந்த பாதுகாப்புப் பணியாளர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டத்தில் பேச அவர்களுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன; வாக்கு கிடைக்கவில்லை.

2015இல் டையெட் உயர்நிலைப் பள்ளியைக் காப்பாற்றப் பெற்றோரும் அப்பகுதி மக்களும் 34 நாள் உண்ணாநோன்பு இருந்தார்கள். 2016இல் அப்பள்ளி கலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. வாரியத்தில் ஒரு கை உயர்ந்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய வழக்குக்காக, நடுவர் அவர்களே, வயிற்றைக் காயப்போட வேண்டியிருந்தது.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு; பெற்றோர் தம் பிள்ளைக்காகத்தான் பேசுவார்' என்றார் எதிரணித் தலைவர். ஒரு குஞ்சு கீழே விழுந்தால் ஊர்க் காகமெல்லாம் கூடிக் கரைவதை அவர் பார்த்ததில்லையா? போகட்டும். வாரியத்தில் தனி ஒரு பிள்ளைக்கென்று தீர்மானம் வருவதில்லை. வருவது பேருந்துத் தடமும் ஆசிரியர் எண்ணிக்கையும்தான். பெற்றோரை நம்பலாமா என்ற சோதனையும் இந்நகருக்குப் புதிதன்று: 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் அமைந்த உள்ளூர் மன்றங்களில் ஆறு இடம் பெற்றோருக்கே, தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அம்மன்றங்களுக்கு உண்டு.

ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். 2024 நவம்பரில் முதன்முறையாக 10 இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, ஆசிரியர் சங்கமும், அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளை ஆதரிக்கும் அமைப்புகளும் பெரும்பணம் இறக்கின. அந்தப் பணம் பெற்றோரை மட்டுமா வளைக்கும்? பட்டம் பெற்றவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுமா?

2026 நவம்பரில் 21 இடங்களுக்கும் தேர்தல் என்கிறது சட்டம். பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆயிரம் கையெழுத்துத் திரட்டித்தான் 2024இல் வேட்பாளர் வாக்குச்சீட்டில் இடம்பிடிக்க முடிந்தது. இரவுப்பணி பார்க்கும் ஒரு தாய்க்கு இதெல்லாம் எளிதன்று. அதற்கு வழி செலவுக்கு உதவுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வதுமே ஒழிய, நீ வேட்பாளராக நிற்க ஏற்றவள் அல்லள் என்று சொல்வதன்று. அந்த 30 என்ற எண்ணை வாரியத்துக்குள் இருந்து யார் தடுத்திருப்பார் என்பதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் விடை சொல்லட்டும். அதைக் கேட்டபின் தீர்ப்பளியுங்கள்.